லிப்ட் ஏன் பகலில் நிற்கிறது?

(சென்னைக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், அங்கு வசிப்போரும் லிப்ட் மெக்கானிக்குகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தக் கூட்டத்துக்கு நான் புறப்படும்போது ஒரு நூற்பாலைத் தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கூலியைப் பற்றிப் பேசுவீர்கள், பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவீர்கள். இன்றைக்கு என்ன, லிப்டைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே! அது பணக்காரன் ஏறுகிற பெட்டியல்லவா? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 1959ம் வருஷம் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி.யின் பல மாடிக் கட்டிடம் திறக்கப்பட்டபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. லிப்ட் என்பது அன்று ஒரு வேடிக்கை. இன்று நிலைமை என்ன? ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட ஜனங்கள் எட்டு மாடிக் கட்டிடங்களில் வாழ்கிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டில் லிப்டில்தான் மேலே போகிறது. கிராமத்து விவசாயத் தொழிலாளியின் மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு லிப்ட் மெக்கானிக்காக வேலை செய்கிறான். ஆகவே லிப்ட் இன்று நம்முடைய விஷயம்.

நான் இஞ்ஜினீர் அல்ல; பள்ளிக்கூடத்துப் படிப்போடு நின்றவன். தெரிந்தவர்களிடம் கேட்டும், கண்ணால் பார்த்தும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு மே மாதத்தில் நடந்தது

எந்தக் குடியிருப்பு என்று பெயர் சொல்லவில்லை. எட்டு மாடி, ஒரு லிப்ட். ஏப்ரல் பிறந்தது முதல் அந்த லிப்ட் ஒரு விசித்திரமான பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. காலையில் ஓடும். பிற்பகல் 2 மணிக்கு மேல் நின்றுவிடும். இரவு 8 மணிக்கு, யாரும் தொடாமலே, மறுபடி ஓடும். கிழவிகள் பிசாசு என்றார்கள். பராமரிப்புக் கம்பெனி எலெக்ட்ரானிக் பலகை கெட்டுவிட்டது என்றது. பலகையை மாற்றினார்கள், பில் வந்தது. பத்து நாள் கழித்து மறுபடி நின்றது. இரண்டாவது பலகை, இரண்டாவது பில். மறுபடியும் நின்றது.

அப்படி நின்ற ஒரு பிற்பகலில், வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தாய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். வீடு ஏழாவது மாடி. இளம் வயதில் செங்கற்பட்டுப் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர் அவர். நான்கு வாலிபர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, ஏழு மாடியும் தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த நால்வரில் நானும் பாதி வழி ஒருவனாக இருந்தேன்.

அப்புறம் மெக்கானிக் தம்பி வந்தான். அவனோடு மொட்டை மாடிக்குப் போய் யந்திர அறையின் கதவைத் திறந்தேன். நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது. "அண்ணே, உள்ளே பத்து நிமிஷம் நின்னா கண்ணு இருட்டுது. மத்தியானத்துல நாங்க யாரும் இதுக்குள்ள தங்கறதில்லே" என்றான் அவன். மறுநாள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டோம். பிற்பகல் 3 மணிக்கு 51 டிகிரி காட்டியது. வெளியே நிழலில் அன்று 39.

பிசாசு எது என்று அன்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

துலாக் கிணறும் லிப்டும்

லிப்ட் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்ப்போம். துலாக் கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். துலாவின் ஒரு முனையில் சால். மறு முனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள். கல்லின் பாரம் சாலின் பாரத்தைச் சமன் செய்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் மனிதன் பலம் கொடுத்தால் போதும்.

லிப்டும் அப்படித்தான். மேலே ஒரு பெரிய கப்பி. அதன்மேல் இரும்புக் கயிறு. ஒரு பக்கம் ஆள் ஏறும் பெட்டி. மறு பக்கம் எதிர்ப்பாரம். எட்டுப் பேர் லிப்ட் என்றால் நம் நாட்டுக் கணக்கில் ஆளுக்கு 68 கிலோ வீதம் 544 கிலோ. எதிர்ப்பாரத்தை வெறும் பெட்டியின் எடையோடு, இந்த 544ல் ஏறக்குறைய பாதியைக் கூட்டி அமைப்பார்கள். ஆகவே மோட்டார் தூக்க வேண்டிய வித்தியாசம் அதிகபட்சம் 272 கிலோதான்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பெட்டி காலியாக மேலே போகும்போது எதிர்ப்பாரம் கனமாகிவிடுகிறது. அதுவே பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குகிறது. பெட்டி நிறைய ஆட்களோடு கீழே வரும்போதும் அப்படியே. அந்த நேரத்தில் மோட்டார் மின்சாரம் தின்பதில்லை. மின்சாரம் உற்பத்தி செய்கிறது! இப்போது வரும் லிப்டுகளில் மோட்டாரின் வேகத்தை ஆள்வதற்கு டிரைவ் என்று ஓர் எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது. மலிவான டிரைவ்களால் அந்த மின்சாரத்தைத் திருப்பி லைனுக்கு அனுப்ப முடியாது. அதனால் என்ன செய்கிறார்கள்? ரெசிஸ்டர் என்ற கம்பிச் சுருளில் விட்டு எரித்துவிடுகிறார்கள். எங்கே எரிக்கிறார்கள்? பெரும்பாலும் அதே அறையில்! வெயிலில் வேகும் அறைக்குள் ஒரு ஹீட்டரையும் போட்டு வைத்த மாதிரி.

இதோடு மோட்டாரின் உஷ்ணம், பல்சக்கரப் பெட்டி உள்ள பழைய லிப்டுகளில் அதன் உராய்வு உஷ்ணம், பிரேக் சுருளின் உஷ்ணம், டிரைவின் உஷ்ணம். நின்று நின்று நாள் முழுதும் ஓடும் லிப்டில் இவையெல்லாம் அந்தச் சிறிய அறையில்தான் சேருகின்றன.

40 டிகிரி என்ற எல்லை

ஐரோப்பாவில் 2014ல் வந்த இ.என். 81-20 என்ற லிப்ட் தரவிதி, யந்திரம் இருக்கும் இடம் 5 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. குளிர் நாட்டில் 40ஐ எட்டுவது அபூர்வம். நம்முடைய ஊர் எப்படி? 2003 மே 31ந் தேதி சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. அது நிழலில் எடுத்த கணக்கு. மொட்டை மாடியில் நிற்கும் பூட்டிய அறைக்கு நிழல் ஏது?

40ஐத் தாண்டினால் என்ன ஆகும்? டிரைவுக்குள் கெபாசிட்டர் என்ற உறுப்பு இருக்கிறது. உஷ்ணம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது இஞ்ஜினீர்களின் நடைமுறைக் கணக்கு. மோட்டார் சுருளின் காப்புப் பூச்சுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பத்து வருஷம் உழைக்க வேண்டியது ஐந்தில் போய்விடும். அதற்கு முன்னாலேயே டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள வேலையை நிறுத்திவிடும். இரவில் அறை ஆறியதும் தானே ஓடும். பகலில் நின்று இரவில் ஓடிய மர்மம் இதுதான். பலகையை மாற்றி என்ன பயன்? புதுப் பலகையும் அதே அடுப்பில்தானே வேகும்!

மிகப் பெரிய அடுப்பு எது?

"அப்படியானால் ஏ.சி. வைத்துவிட வேண்டியதுதானே?" என்று எடுத்த எடுப்பில் கேட்கிறார்கள். பொறுங்கள். முதலில் கணக்குப் போடுவோம்.

யந்திரங்கள் விடும் உஷ்ணம் 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் அளவு. இப்போது சூரியனைப் பாருங்கள். மேகமில்லாத உச்சிப் பொழுதில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. அறையின் கூரை 4 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் 16 சதுர மீட்டர், 16 கிலோவாட். இதிலே பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும் 1.6 கிலோவாட். யந்திரத்தின் உஷ்ணத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்! மேற்குச் சுவரில் அடிக்கும் மாலை வெயில் தனி.

ஆகவே முதல் வேலை சூரியனை வெளியே நிறுத்துவது. இதற்கு அன்னிய நாட்டு ஞானம் தேவையில்லை. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை, வெயிலின் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மழை அதைக் கழுவிவிடும் என்பதால் வருஷா வருஷம் பங்குனியில் அடிக்க வேண்டும். நம் கொத்தனார்கள் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துத் தளம் போடுவார்கள். அது மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் தடை. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், கூரைக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரை போடலாம். கலியாணப் பந்தல் தரையைக் காப்பது போல அது கூரையைக் காக்கும். இடைவெளியில் காற்று ஓட வேண்டும் என்பது முக்கியம். தென்னங்கீற்று வேண்டாம், மின்சார அறையின் தலைமேல் தீப்பற்றும் பொருளை வைக்கக்கூடாது.

காற்று போக வழி

இரண்டாவது வேலை, உள்ளே உண்டான உஷ்ணத்தை வெளியேற்றுவது. சூடான காற்று மேலே எழும். நம் பழைய ஓட்டு வீடுகளின் அடுப்பங்கரையில் புகைபோக்கி எங்கே இருந்தது? உச்சியில். காற்று எங்கிருந்து வந்தது? கீழே வாசற்படி வழியாக. அதே நியாயம்தான் இங்கும். ஒரு சுவரில் கீழே காற்று வரும் துவாரம். எதிர்ச் சுவரில் மேலே காற்று போகும் துவாரம். இரண்டுக்கும் நடுவில் யந்திரம்.

நாங்கள் பார்த்த அறையில் என்ன இருந்தது தெரியுமா? கட்டும்போது வைத்த துவாரங்கள் இருந்தன. ஆனால் மழைச் சாரல் வருகிறதென்று ஒன்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். புறா வருகிறதென்று மற்றதைச் செங்கல்லால் அடைத்திருந்தார்கள். சாரலுக்குச் சாய்ந்த தகடு இருக்கிறது. புறாவுக்குக் கம்பி வலை இருக்கிறது. அதைச் செய்யாமல் அறையின் மூக்கையும் வாயையும் பொத்திவிட்டார்கள்!

துவாரம் மட்டும் போதாதென்றால் எக்ஸ்ஹாஸ்ட் பேன். அதற்கும் கணக்கு உண்டு. உள்ளே வரும் காற்று 5 டிகிரி மட்டுமே சூடேறி வெளியே போக வேண்டுமென்றால், ஒரு கிலோவாட் உஷ்ணத்துக்கு மணிக்கு 600 கன மீட்டர் காற்று போக வேண்டும். 2 கிலோவாட்டுக்கு 1200. பேன் வாங்கும்போது அது எத்தனை கன மீட்டர் தள்ளும் என்று கேட்டு வாங்குங்கள். பேனை உயரத்தில் வையுங்கள். திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்தால் ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விடும். யந்திரத்தின் பக்கம் காற்று எட்டிப் பார்க்காது.

இன்னொன்று, தூசி. டிரைவின் சிறு விசிறியிலும் வடிகட்டியிலும் தூசி படிந்தால், மே மாதத்தில் கம்பளி போர்த்தியது மாதிரிதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாதம் ஒரு முறை மெக்கானிக்கைக் கொண்டு துடைக்க வேண்டும். பேனல் கதவைத் திறந்துவைத்து டேபிள் பேனை அதன் முகத்துக்கு நேரே ஓடவிடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அவசரத்துக்குச் செய்கிறார்கள், ஆனால் தூசியை அள்ளி உள்ளே போடுவதும் அதுதான். அறைக் கதவைத் திறந்து போடுவது அதைவிட மோசம். சுழலும் கப்பி இருக்கும் அறை அது. குழந்தைகள் உள்ளே போனால் என்ன கதி?

ஏ.சி. எப்போது வேண்டும்?

பேனுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வெளியே 42 டிகிரி என்றால் எந்தப் பேனும் உள்ளே 40ஐக் கொண்டுவராது. வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியை அது எங்கே போய்த் தேடும்? அந்த நாட்களுக்கு ஏ.சி.தான் வழி. ஒரு டன் ஏ.சி. சுமார் மூன்றரை கிலோவாட் உஷ்ணத்தை வெளியேற்றும். வெயில் கடுமையாகும்போது அதன் சக்தியும் குறையும் என்பதால் சற்றுப் பெரியதாக வைக்க வேண்டும். சூரியனைத் தடுத்த அறைக்கு ஒன்றரை டன் போதும் என்றால், தடுக்காத அறைக்கு இரண்டும் போதாது. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது? நாம்தான். ஆகவேதான் சுண்ணாம்பு முதலில், ஏ.சி. கடைசியில் என்கிறேன்.

ஏ.சி. வைத்தாலும் சில விஷயங்களைக் கவனியுங்கள். யந்திரத்துக்கு ஊட்டிக் குளிர் தேவையில்லை. 30 டிகிரியில் வைத்தாலே போதும். 18ல் வைத்து கதவையும் திறந்தால், நம் கடற்கரைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பலகைகளில் நீராகப் படியும். ஏ.சி.யை டிரைவ் பேனலின் தலைக்கு மேல் மாட்டாதீர்கள். ஒழுகினால் மின்சாரத்தின் மேலேயே ஒழுகும். மின்சாரம் போய் வந்ததும் ஏ.சி. தானே ஓடுமா என்று பாருங்கள். ஜெனரேட்டரில் லிப்ட் ஓடும், ஏ.சி. ஓடாது என்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஆகவே துவாரத்தையும் பேனையும் எடுத்துவிடாமல், ஏ.சி. நின்றால் அவை வேலை செய்யும்படி வைத்திருக்க வேண்டும்.

புது லிப்ட் போடுகிறவர்கள், மின்சாரத்தை லைனுக்குத் திருப்பி அனுப்பும் டிரைவைக் கேளுங்கள். உஷ்ணமும் குறையும், மின்சாரமும் மிச்சம். யந்திர அறையே இல்லாத லிப்டை பின்லாந்தின் கோனே கம்பெனி 1996ல் கொண்டுவந்தது. இன்று நம் ஊரிலும் அந்த மாதிரி வந்துவிட்டது. அதிலும் உஷ்ணம் ஒழிந்துவிடவில்லை. ஷாப்டின் உச்சிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அங்கேயும் காற்றுக்கு வழி வேண்டும்.

யந்திரத்துக்கு 40, மனிதனுக்கு?

இப்போது மெக்கானிக் தோழர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்பாலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புரியும். மில்லில் ஈரக்காற்று விடுகிறார்கள். யாருக்காக? நூல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. நூற்பவன் மூச்சு முட்டுவது கணக்கில் இல்லை. இங்கேயும் டிரைவுக்கு 40 டிகிரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த டிரைவைப் பழுது பார்க்கும் பையன் 51 டிகிரியில் நிற்கிறான்.

மனித உடம்பின் உஷ்ணம் 37 டிகிரி. சுற்றுப்புறம் அதைத் தாண்டினால் வியர்வை உலர்வது ஒன்றுதான் உடம்புக்குக் கதி. காற்றில்லாத, ஈரம் மிகுந்த அறையில் வியர்வை உலராமல் வழியும். தலை சுற்றும், கை நடுங்கும். நனைந்த தோலில் மின்சாரம் சுலபமாகப் பாயும். கை நடுங்குகிறவன், நனைந்த கையோடு, உயிருள்ள கம்பியின் அருகில் நிற்கிறான்! இதைவிட அபாயம் வேறென்ன?

வேலையிடத்தின் கூரையும் சுவரும் உஷ்ணத்தை ஏற்றாத விதமாக இருக்க வேண்டும் என்று 1948ம் வருஷத்து பாக்டரிச் சட்டத்தின் 13வது பிரிவு எழுதி வைத்தது. மொட்டை மாடி அறையைப் பாக்டரி என்று யாரும் நினைத்ததில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் தெருவில் மட்டும் இல்லை. பூட்டிய இந்த அறைகளிலும் இருக்கிறது.

ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை வழக்கமான பராமரிப்பைக் காலை 10 மணிக்குள் முடிக்க வேண்டும். அவசர வேலையானால் முதலில் பேனை ஓட்டி அறையை ஆறவிட வேண்டும். தனி ஆளாக அனுப்பக் கூடாது. தண்ணீர் இருக்க வேண்டும். லிப்ட் நின்ற கோபத்தில் நாம் அந்தத் தம்பியைத் திட்டுகிறோமே, இனி திட்டுவதற்கு முன் ஒரு செம்பு மோர் கொடுங்கள்.

யார் பொறுப்பு?

லிப்ட் கம்பெனியைக் கேட்டால், "அறை கட்டிடக்காரர் பொறுப்பு" என்கிறது. கட்டிடத்தாரைக் கேட்டால், "லிப்ட் கம்பெனியைக் கேள்" என்கிறார்கள். இருவருக்கும் நடுவில் ஏழு மாடி ஏறுவது யார்? பராமரிப்பு ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் யந்திரத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கும். அறையின் காற்றோட்டம் கட்டிடத்துக்குப் பொறுப்பானவர் தலையில் இருக்கும். படித்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

நான் சொன்ன குடியிருப்பில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார்கள். தினம் பிற்பகல் 3 மணிக்கு உள்ளே எத்தனை, வெளியே எத்தனை, லிப்ட் நின்றதா என்று எழுதினார்கள். எழுதியது பத்தாவது படிக்கும் ஒரு பெண். இருபது நாள் கணக்கோடு போய் நின்றபோது, இரண்டு பலகைக்குப் பில் போட்டவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. துவாரங்களைத் திறந்தார்கள், வலை அடித்தார்கள், பேன் மாட்டினார்கள். ரெசிஸ்டரை வெளிச் சுவருக்கு, கம்பிக் கூண்டுக்குள் மாற்றினார்கள். சுண்ணாம்பை நாங்களே அடித்தோம். அடுத்த மே மாதம் வெளியே 39 இருந்த ஒரு நாளில் உள்ளே 42 காட்டியது. 51 எங்கே, 42 எங்கே! இருந்தாலும் 40க்கு மேல் இரண்டு டிகிரி. அந்த இரண்டு டிகிரிக்காக ஏ.சி. கேட்டு, அதே நோட்டுப் புத்தகத்தோடு மறுபடி போனார்கள். அது கிடைக்க இன்னும் ஒரு கோடை ஆயிற்று.

தோழர்களே! இன்றைக்கு இந்தக் கூட்டம் முடிந்ததும் நம் மொட்டை மாடிக்கு மெக்கானிக் தோழரோடு இரண்டு பேர் போக வேண்டும். துவாரம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் நாளைக்கே வாங்க வேண்டும். சுண்ணாம்புக்கு நாள் குறிக்க வேண்டும். பங்குனி வர இன்னும் அதிக நாள் இல்லை. யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுங்கள்.